மூணாம் நம்பர் ரூமுக்கு ஒரு உள்தாழ்ப்பா

சுடர்க்கொடிக்கு இருபத்தொரு வயசு முடிஞ்ச திங்கக்கிழமை, காலைல பத்தரை மணிக்கு, கழுத்துல சால்வையும் ஒரு கைல குக்கரும் இன்னொரு கைல பிளாஸ்டிக் வாளியுமா அவ எங்க இல்லத்துக் கேட்டைத் தாண்டிப் போனா. அவ பத்தடி போனதும் மூணாம் நம்பர் ரூம் கெளம்பி அவ பின்னாடியே போச்சு. கேட்டு வழியாப் போகல. பத்துக்குப் பன்னெண்டு ரூமு அந்தக் கேட்டுல நுழையாதுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு. பக்கத்துல காம்பவுண்டு சுவர்ல தன் அகலத்துக்கு ஒரு வழி பண்ணிக்கிட்டுப் போச்சு. போறதுக்கு முன்னாடி, கூட இருந்த ரெண்டு பொண்ணுகளோட இரும்புக் கட்டிலையும் டிரங்குப் பெட்டியையும் அலுங்காம வெறுந்தரைல எறக்கி வச்சிட்டு, சுடரோட கட்டிலை மட்டும் எடுத்துக்கிட்டுப் போச்சு. அந்த ஒழுங்கை நான் மெச்சுறேன். எங்க இல்லத்துக்கு வந்துட்டுப் போன எந்தப் பெரிய மனுசனும் அம்புட்டு ஒழுங்காப் போனதில்ல.

வழியனுப்பு விழா அப்ப பாதிலதான் இருந்துச்சு. இயக்குநர் ஞானசிகாமணி சார் மைக்கைப் பிடிச்சு, "எங்கள் பறவை இன்று பறக்கிறது"ன்னு பேசிக்கிட்டிருந்தாரு. பறவைக்கு எடம் தேட நேரமாச்சுன்னு அது முன்னாடியே போயிருச்சு. சுவர் இடிஞ்ச சத்தத்துல சார் ஒரு நிமிசம் நிறுத்துனாரு, தண்ணி குடிச்சாரு, மிச்சத்தையும் பேசி முடிச்சாரு. நாங்களும் கை தட்டுனோம்.

நான் பஞ்சவர்ணம். அந்த இல்லத்துல ஏழு வருசமாச் சமையல். "சிறகடி இளம்பெண்கள் ஆதரவு இல்லம்"னு வாசல்ல போர்டு இருக்கும், கேட்டுல பூட்டு இருக்கும். காப்பகத்துல வளந்த பொண்ணுக, அப்பன் ஆத்தா இல்லாததுக, இருந்தும் இல்லாததுக, பதினெட்டு முடிஞ்சதும் எங்ககிட்ட வரும். மூணு வருசம் வச்சிருந்து, மனசைத் தேத்தி, தொழில் கத்துக்குடுத்து, தனியா வாழப் பழக்கி அனுப்பணும். அதுதான் போர்டுல போட்டிருக்கு. எப்படிப் பழக்குனோம்னு சொல்றேன், கேளுங்க.

பொண்ணுக அடுப்புப் பக்கம் வந்தா ஆபத்துன்னு சட்டம், அதனால கேஸ் அடுப்பைப் பெரிய படமா வரைஞ்சு ஹால்ல மாட்டி, குச்சியால தொட்டுக் காட்டிச் சமையல் பயிற்சி. குக்கர் எத்தனை விசில்னு வார்டன் திலகவதி மேடம் வாயாலயே விசிலடிச்சுக் காட்டுவாங்க. வெளிய போக அனுமதிக் கடிதம் வேணும், அதுல மூணு பேர் கையெழுத்து வேணும், அதனால ஹால்லயே நாற்காலிய வரிசையாப் போட்டு அதுதான் டவுன் பஸ்சுன்னு வச்சுக்கிட்டுப் பயணப் பயிற்சி, மேடம்தான் கண்டக்டர். எங்க பொண்ணுக அந்தப் பஸ்சுல ஏறி மூணு வருசம் போயி, எந்த ஊருக்கும் போய்ச் சேராம, அதே ஹால்லயே எறங்கும். கேட்டா சான்றிதழ் இருக்கு.

மனசு நல்லா இருக்கான்னு பாக்க வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தாள் வரும். அதுல அஞ்சு மூஞ்சிப் படம், ஓவுன்னு அழுகுற மூஞ்சில இருந்து பல்லைக் காட்டிச் சிரிக்கிற மூஞ்சி வரைக்கும். உன் மூஞ்சி எதுவோ அதுல டிக் பண்ணணும். அழுகுற மூஞ்சில டிக் பண்ணா ஒரு வாரத்துக்கு ஆள் மாத்தி ஆள் உக்காந்து அறிவுரை. சிரிக்கிற மூஞ்சில டிக் பண்ணா, இது தேறிருச்சுன்னு அந்த மாசம் துணிமணிப் பட்டியல்ல பேரைத் தூக்கிருவாங்க. அதனால பன்னெண்டு பொண்ணும் மூணு வருசமும் நடு மூஞ்சிலதான் டிக் பண்ணும். உணர்வுச் சமநிலைல எங்க இல்லம்தான் மாவட்டத்துலயே முதலிடம்.

இன்னொண்ணும் சொல்லணும், அதுலதான் எல்லாம் இருக்கு. எங்க நாலு ரூமுலயும் உள்பக்கம் தாழ்ப்பா கெடையாது. வெளிப்பக்கம் மட்டுந்தான். உள்ள போட்டுக்கிட்டுப் பொண்ணுக ஏடாகூடம் எதையாவது பண்ணிக்கிடும்னு பயம். தட்டிட்டு வர்ற பழக்கமும் எங்கள்ல ஒருத்தருக்கும் இல்ல. வார்டன் வருவாங்க, ஆபீசர் வருவாங்க, நன்கொடை குடுக்குறவங்க குடும்பத்தோட வந்து கேக் வெட்டுவாங்க, கதவைத் தள்ளுவாங்க, உள்ள துணி மாத்துற பொண்ணு சுவரைப் பாத்துத் திரும்பிக்கிடும். சாயங்காலம் ஏழரைக்கு நாலு ரூமையும் வெளிய தாழ்ப்பாப் போடுற வேலை எனக்கு. சமையலோட சேத்தி.

சுடர்க்கொடி மூணு வருசத்துல எங்ககிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஆலோசனைப் பெட்டில மாசா மாசம் ஒரு சீட்டு போடுவா: "மூணாம் நம்பர் ரூமுக்கு ஒரு உள்தாழ்ப்பா வேண்டும்." மாசா மாசம் சார் பதில் எழுதுவாரு: "பரிசீலனையில் உள்ளது." முப்பத்தாறு சீட்டு, முப்பத்தாறு பதில். அடுக்கி வச்சா ஒரு புத்தகம் வரும்.

போகுற பொண்ணுக்கு வீடு பாத்துக் குடுக்குறதும் எங்க பொறுப்புன்னு தாள்ல இருக்கு. தாள்ல மட்டுந்தான் இருந்துச்சு. சுடரு நைட்டி தைக்கிற கம்பெனிக்குப் போய் வந்துக்கிட்டிருந்தா, இல்லத்து வேனு கொண்டுபோய் விட்டுக் கூட்டியாரும். ஞாயித்துக்கிழமைகள்ல அனுமதிக் கடிதம் வாங்கிக்கிட்டு அவளே வீடு தேடுனா, தொணைக்கு நான் போனேன். பதினோரு வாசல் ஏறி எறங்குனோம். எல்லா வாசல்லயும் மூணே கேள்விதான்: அப்பா என்ன பண்றாரு, சொந்த ஊர் எது, நீங்க என்ன ஆளுக. மூணுக்கும் சுடரு, "தெரியாதுங்க"ன்னு நெசத்தைச் சொன்னா. பாண்டியன் நகர் மூணாவது தெருவுல சோலைமலைன்னு ஒருத்தரு, மாடி காலியா இருந்துச்சு, அவரு மட்டும் கொஞ்சம் மரியாதையாச் சொன்னாரு: "நல்ல பொண்ணாத்தான் தெரியுது. ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா யார்ட்டப் போய்ச் சொல்றது?" மூணு வருசப் பயிற்சில இந்தக் கேள்விகளுக்கு ஒரு வகுப்பும் நாங்க எடுக்கல.

வீடு கெடைக்காமலே இருபத்தொண்ணு முடிஞ்சிருச்சு. கம்ப்யூட்டர்ல அவளை வெளியேத்துற படிவத்துல, "போகும் முகவரி"ன்னு ஒரு கட்டம். அதைக் காலியா விட்டா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. திலகவதி மேடத்துக்கு அன்னைக்குப் பல் வலி வேற. பழைய முகவரியையே அதுல போட்டாங்க: மூணாம் நம்பர் ரூம், சிறகடி இல்லம், புளியங்கம்மாய் ரோடு. கம்ப்யூட்டரு ஏத்துக்கிடுச்சு. ரூமும் ஏத்துக்கிடுச்சுன்னு நான் நெனைக்கிறேன். மத்தவங்க வேற வேற காரணம் சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும்.

சாம்பார் சாதம் கட்டிக் குடுக்கலாம்னு நான் பின்னாடியே ஓடுனப்ப, அவ ரோட்டோரம் நின்னு திரும்பி ரூமைப் பாத்துக்கிட்டிருந்தா. "வர்றியா?"ன்னு கேட்டா. ரூம் என்னத்தைச் சொல்லும், நின்னுச்சு. "சரி, வா"ன்னு நடந்தா. ஆறடி தள்ளி அது நடந்துச்சு. டவுன் பஸ்ஸை நிறுத்துனா, கண்டக்டரு ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "லக்கேஜு மேல ஏறாதும்மா, நடந்தே வா"ன்னு விசிலடிச்சிட்டுப் போயிட்டாரு. ஏறாத பஸ்சுல எப்படிப் போறதுன்னு எங்க ஹால்ல பழக்கல, அவ நடந்தா.

தெரிஞ்ச தெருன்னு ஒண்ணே ஒண்ணுதான் அவளுக்கு, அதனால பாண்டியன் நகர் மூணாவது தெருவுக்குப் போனா. சோலைமலை வீட்டுக்கு எதிர்த்தாப்புல காலி மனை ஒண்ணு இருந்துச்சு, அங்க ரூம் நின்னுக்கிடுச்சு. தெருவுல ஒருத்தருக்கும் அது பெருசாத் தெரியல, அவங்கவங்களுக்கு அவங்கவங்க வேலை. முதல் அரை மணி நேரத்துல தெருப் பக்கச் சுவர்ல மூலம் பௌத்திரம் போஸ்டர் ஒட்டியாச்சு. மத்தியானத்துக்குள்ள ரூமோட மொட்டைமாடில வத்தல் காயுது. சாயங்காலம் யாரோ கெழக்கு மூலைல மஞ்சளைப் பூசி மூணு குங்குமப் பொட்டு வச்சிட்டாங்க, மறுநாள் அதுக்கு முன்னாடி சூலம் நட்டுக் கற்பூரம் ஏத்துனாங்க. புதன்கிழமை சுடரு வேலைக்குக் கெளம்ப, அம்மனும் பின்னாடியே போயிருச்சு, சூலம் மட்டும் காலி மனைல நின்னுச்சு. பொழுது சாய அம்மன் ஊர்வலம் போயி வந்த மாதிரி திரும்பி வரவும், நேரம் தவறாத தெய்வம்னு பேராயிருச்சு. நகராட்சில இருந்து ஒருத்தரு வந்து கதவு எண் எழுதப் பாத்தாரு. எந்தத் தெருவுல எழுதுறதுன்னு தெரியாம, சுவர்ல ஒரு கேள்விக்குறியப் போட்டுட்டு, கீழ தேதியும் போட்டுட்டுப் போனாரு.

சோலைமலையோட நடத்தையத்தான் சொல்லணும். முதல் நாள், "வெளிச்சத்தை மறைக்குது"ன்னு கத்துனாரு. மூணாம் நாள் தோசையோட வந்தாரு. "ஏம்மா, பகல்ல நீ வேலைக்குப் போறப்ப இதைக் கொஞ்சம் இங்கயே நிக்கச் சொன்னா, என் மச்சினன் மகன் ஒருத்தன் நைட் ஷிப்டு, பகல்ல படுத்து எந்திரிப்பான்"னாரு. அஞ்சாம் நாள் கல்யாணத் தரகரே வந்துட்டாரு. கூடவே வர்ற வீடு உள்ள பொண்ணு, ஊர் மாத்திப் போனாலும் பிரச்சனை இல்ல, கவர்மெண்ட் உத்தியோக மாப்பிள்ளைக்குத் தோதுன்னாரு. அப்பா என்ன பண்றாருன்னு அவரு கேக்கல. சொந்த ஊர் கேக்கல. என்ன ஆளுகன்னு கேக்கல. பத்துக்குப் பன்னெண்டு காங்கிரீட்டு எம்புட்டுக் கேள்விய அடைக்குதுன்னு பாருங்க.

ஆனா சுடருக்கு ஒரு சந்தோசமும் இல்ல. ரூமு வந்துச்சே, எங்க தாழ்ப்பாளோட வந்துச்சு. வெளிய தாழ்ப்பா, உள்ள ஒண்ணுமில்ல. யார் வேணாலும் தள்ளிக்கிட்டு வரலாம், வந்தாங்க; அம்மனைப் பாக்க வந்தவங்க, சும்மா பாக்க வந்தவங்க, ஒருக்கா சோலைமலையோட மச்சினன் மகன். யார் வேணாலும் வெளிய தாழ்ப்பாப் போடலாம், போட்டாங்க. ரெண்டு நாள் காலைல எந்த நாதாரியோ விளையாட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்டான், பால்காரம்மா வந்து எடுத்துவிடுற வரைக்கும் அவ உள்ள நின்னா. ரெண்டு நாளும் வேலைக்குத் தாமதம். மூணாவது தடவை தாமதம்னா வர வேணாம்னு கம்பெனில சொல்லிட்டாங்க. வேலையும் போயிட்டா அந்தப் பொண்ணுக்கு ஒலகத்துல ஒண்ணுமே இல்ல.

வீட்டுச் சாமான் கடைல ஒரு தாழ்ப்பா வாங்கிட்டா. ஆசாரியக் கூட்டியாந்தா. அவரு கதவைத் தட்டிப் பாத்து, "ரூம் யாருது?"ன்னாரு. "இல்லத்துதுங்க." "அப்ப அவங்க ஒரு கடுதாசி குடுத்தா அடிக்கிறேன். நாளைக்கு என்மேல கேஸாகிரும்"னு உளியைப் பையில போட்டுட்டாரு. அவளே அடிச்சிருக்கலாம்தான். ஆனா தலைவலி மாத்திரைக்குக்கூட மூணு கையெழுத்து வாங்கிப் பழகுன பொண்ணு அவ. வாங்குன தாழ்ப்பாளைத் தலையணைக்கடில வச்சுக்கிட்டுக் கடுதாசிக்குக் காத்திருந்தா.

அப்பத்தான் எங்க சாருக்கும் அவ தேவைப்பட்டா. வியாழக்கிழமை மாவட்ட ஆபீஸ்ல இருந்து ஆய்வுக்குப் பெரிய மேடம் வர்றாங்க. பன்னெண்டு பொண்ணு, நாலு ரூம்னு அனுமதி; இப்ப மூணு ரூமு, சுவர்ல ஒரு ஓட்டை. ரூம் கொறைஞ்சா மானியம் நின்னுரும். சாரு அரை டசன் ஆப்பிளோட வார்டனையும் என்னையும் கூட்டிக்கிட்டு மூணாவது தெருவுக்குப் போனாரு. போயி முதல்ல ரூம்கிட்டத்தான் பேசுனாரு. "வா, நம்ம எடத்துக்குப் போகலாம்"னு கதவைத் தடவிக் குடுத்தாரு. அது அசையல. அதுக்கப்புறம்தான் சுடரைப் பாத்துச் சிரிச்சாரு.

"எப்படிம்மா இருக்க? மூஞ்சில எந்த மூஞ்சி?"

"நடு மூஞ்சி சார்."

"அருமை. ஒரே ஒரு நாளு, நம்ம இல்லத்துக்கு வந்து நில்லு. ரூமும் வந்திரும். மேடம் போனதும் நீயும் போயிரலாம்."

"எனக்கு உள்தாழ்ப்பா அடிக்கக் கடுதாசி வேணும் சார்."

"ஆய்வு முடியட்டும்மா, அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன். என் வார்த்தைய நம்ப மாட்டியா?"

நம்புனா. பாவி மக, நம்பிட்டா. அவளுக்கு எங்களை விட்டா வேற யாரு இருக்கா.

வியாழக்கிழமை காலைல அவ கம்பெனில லீவு சொல்லிட்டு வந்தா. ரூம் அதே ஓட்டை வழியா உள்ள வந்து, பழைய அஸ்திவாரத்துல அப்படியே பொருந்தி உக்காந்துச்சு, ரெண்டாம் நம்பருக்கும் நாலாம் நம்பருக்கும் நடுவுல. ஓட்டையை மறைக்க, "வருக வருக"ன்னு பிளெக்ஸ் கட்டுனோம். போஸ்டரைக் கிழிச்சோம், மஞ்சளைச் சுரண்டுனோம், கேள்விக்குறி மட்டும் போகல. ஜீப்பு ஹாரன் கேட்டதும் திலகவதி மேடம் பதறிட்டாங்க. இருபத்தொண்ணு தாண்டுன பொண்ணு வளாகத்துல நின்னா அது ஒரு குத்தம். சுடரோட தோளைப் பிடிச்சு ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தி, "பஞ்சவர்ணம், தாழ்ப்பா"ன்னாங்க.

நான் போட்டேன். ஏழு வருசமாப் போட்ட கை, யோசிக்கல.

பெரிய மேடம் எல்லாத்தையும் பாத்தாங்க. அடுப்புப் படத்தைப் பாத்தாங்க. முத்தழகின்னு ஒரு பொண்ணு, அடுத்து இருபத்தொண்ணு முடியப் போறவ, அவகிட்ட, "ஒரு டீ போட்டுக் குடு பாக்கலாம்"னாங்க. "படத்துல காட்டட்டுங்களா மேடம்?"னு குச்சிய எடுத்துட்டா அவ. "துணிச்சலாப் பேசுது"ன்னு மேடம் குறிச்சுக்கிட்டாங்க. மூணாம் நம்பர் கதவுகிட்ட வந்ததும் நின்னு, "இது ஏன் வெளிய பூட்டியிருக்கு?"ன்னாங்க. சாரு கண்ணே இமைக்கல. "மனநலப் பயிற்சி மேடம். உள்ள மௌனத்துல இருக்காங்க." மேடம் காதை வச்சுக் கேட்டாங்க. சுடரு மூச்சுக் காட்டல, கடுதாசி தர்றேன்னு சாரு வாக்குக் குடுத்திருக்காரே. "மௌனப் பயிற்சி: மிக நன்று"ன்னு எழுதிட்டு, கேசரி சாப்பிட்டுட்டு, ஒரு மணிக்குக் கெளம்பிட்டாங்க.

ஜீப்பு போனதும் நான் தாழ்ப்பாளை எடுக்கப் போனேன். சாரு கையக் காட்டி நிறுத்துனாரு. "ஆர்டர் வர பத்து நாளாகும். அதுக்குள்ள திடீர்னு யாராவது வந்து பாத்தா? அவ உள்ள இருந்தா ரூமு இருக்கும். அவ போனா ரூமு போயிரும். சாப்பாட்டை ஜன்னல் வழியாக் குடு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, மூஞ்சித் தாளையும் அப்படியே குடுத்திரு."

"சார், அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு வேலை இருக்கு சார்."

"நம்ம இல்லத்தை விடவா?"

தட்டுல சோறும் சாம்பாரும் போட்டு ஜன்னலுக்குப் போனேன். சுடரு கட்டில்ல உக்காந்திருந்தா.

"அக்கா, தெறங்க."

"சாரு சொல்லணும்மா."

"கடுதாசி?"

"பரிசீலனைல இருக்காம்."

அவ என்னையே பாத்தா. திட்டல, அழுகல. "தாழ்ப்பா உங்க கைலதானக்கா இருக்கு"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாப்பிடும்மா, சாம்பார் சூடா இருக்கு"ன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன். அந்தச் சாம்பார்ல நானே விழுந்து செத்திருக்கலாம்.

அடுப்படில உக்காந்திருந்தேன். மூணு மணி வாக்குல அந்த ரூமுக்குள்ள இருந்து கிர்ரு கிர்ருன்னு ஒரு சின்னச் சத்தம். போய் ஜன்னல்ல பாத்தா, தையல் மிசினுக்கு வச்சிருக்கிற குட்டி ஸ்குரூ டிரைவரால, தலையணைக்கடில இருந்த தாழ்ப்பாளை அவளே கதவுல வச்சு முறுக்கிக்கிட்டிருக்கா. கோணலாத்தான் இருந்துச்சு. நாலு திருகாணில ஒண்ணு பிடிக்கல. முறுக்கி முடிச்சு, தாழ்ப்பாளை இழுத்து மாட்டி, விட்டு, மறுபடி மாட்டிப் பாத்தா. வெளிய நாங்க போட்டது ஒண்ணு, உள்ள அவ போட்டது ஒண்ணு. அந்தச் சின்னக் கிளிக்குக்கு அவ மூஞ்சில ஒண்ணு வந்துச்சு பாருங்க, அந்த அஞ்சு படத்துல அது இல்ல.

அப்புறம் அவ குக்கரை எடுத்து வாளிக்குள்ள வச்சு, வாளியக் கைல மாட்டிக்கிட்டு, ரோட்டுப் பக்கச் சுவரைப் பாத்து நடந்தா. சுவர் வந்துச்சு, அவ நிக்கல. அவ கால் வைக்க ரூமு ஒரு அடி நகந்துச்சு. இன்னொரு அடி, இன்னொரு அடி. ஹால்ல நாற்காலிய எடுத்துக்கிட்டிருந்த திலகவதி மேடம், "உள்ள போட்ட பொண்ணு உள்ளயே நடக்கக் கூடாதுன்னு விதில இருக்கே"ன்னு முனகுனாங்க. ரூமு வரவேற்பு பிளெக்ஸைக் கிழிச்சுக்கிட்டு ஓட்டை வழியாப் போறப்ப, கதவுப் பக்கம் செங்கல்ல உரசி, எங்க வெளித்தாழ்ப்பா பிச்சுக்கிட்டுக் கீழ விழுந்துச்சு.

நான் தெறந்திருப்பேன். சத்தியமாச் சொல்றேன், முந்தானைல கையத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சிட்டேன், ரெண்டு நிமிசம் பொறுத்திருந்தா தெறந்திருப்பேன். இப்படித்தான் அந்த இல்லத்துல வேலை பாத்த எல்லாரும் சொல்றோம்.

மறுநாள் காலைல அவ சரியா எட்டரைக்கு வேலைக்குப் போயிட்டா. ரூமு இப்ப நைட்டிக் கம்பெனிக்குப் பின்னாடி, கம்மாய்க்கரை ஓரமாப் பொறம்போக்குல நிக்குது. அங்க யாரும் மஞ்சள் பூசல, கம்பெனிப் பொண்ணுக மத்தியானம் அதுல உக்காந்துதான் சாப்பிடுதுக. சோலைமலை ஒருக்கா வந்து கதவைத் தள்ளிப் பாத்துட்டு, கையத் தடவிக்கிட்டுப் போனாரு. ரெண்டு வாரங்கழிச்சு எங்க சாரும் வார்டனும் போனாங்க, நானும் போனேன். சாரு வழக்கம்போலத் தோளால தள்ளி உள்ள நொழையப் போயி, மூக்கு கதவுல மோதிச்சு. அப்புறம் விரலை மடக்கித் தட்டுனாரு. ஏழு வருசத்துல அவரு ஒரு கதவைத் தட்டி அன்னைக்குத்தான் பாத்தேன். எங்க தட்டுறதுன்னுகூடத் தெரியல, நெலையத் தட்டிக்கிட்டிருந்தாரு.

"யாரு?"

"இயக்குநர்மா."

"அப்பா என்ன பண்றாரு சார்?"

சாரு முழிச்சாரு. ஆனா பதில் சொன்னாரு, அதுதான் வேடிக்கை. "ரிட்டயர்டு தாசில்தாரும்மா, இப்ப இல்ல."

"சொந்த ஊர் எது?"

அதையும் சொன்னாரு. மூணாவது கேள்விய அவ கேக்கல, கேக்காமலே சாருக்கு வேர்த்துச்சு. அப்புறம் மரியாதையாச் சொன்னா: "நல்லவராத்தான் தெரியுது சார். ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா யார்ட்டப் போய்ச் சொல்றது?"

கதவு தெறக்கல. சாரு ரூமுக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டு வந்தாரு. இப்ப அந்தப் போட்டோ எங்க ஆண்டறிக்கைல அட்டைப் படம்: "எமது பயிற்சியால் சொந்த இல்லம் பெற்ற செல்வி சுடர்க்கொடி." நடமாடும் இல்லத் திட்டம்னு பேரு வச்சு, சென்னைல கூப்பிட்டு ஒரு கேடயமும் குடுத்தாங்க. மூணாம் நம்பர் ரூம் இருந்த எடத்துல ஷெட்டு போட்டு அதுக்குள்ள கேடயத்தை வச்சிருக்கோம். ஷெட்டுக்கு வெளிய தாழ்ப்பா இருக்கு.

போன மாசம் முத்தழகிக்கு இருபத்தொண்ணு முடிஞ்சிச்சு. இந்தத் தடவை திலகவதி மேடத்துக்குப் பல் வலி இல்ல. பழைய முகவரியப் போட்டா இன்னொரு ரூமு போயிரும்னு, அந்தக் கட்டத்துல ரொம்பக் கவனமா, "உறவினர் வீடு"ன்னு அடிச்சாங்க. பொறந்ததுல இருந்து ஒரு உறவினரைக் கண்ணால பாக்காத பொண்ணுக்கு. சால்வை போட்டோம், குக்கரும் வாளியும் குடுத்தோம், சாரு பறவை பறக்குதுன்னு பேசுனாரு. அவ கேட்டைத் தாண்டிப் போனா, பின்னாடி ஒண்ணும் போகல, சுவரும் சுவராவே நின்னுச்சு. எங்க போவன்னு நாங்க யாரும் கேக்கல. அவளும் சொல்லல, ரோட்டைப் பாத்தா, கம்மாய்க்கரைப் பக்கம் நடந்தா.

எனக்கு மனசு கேக்கல. மறு ஞாயித்துக்கிழமை தூக்குவாளில சாம்பாரை ஊத்திக்கிட்டுக் கம்மாய்க்கரைக்குப் போனேன். தூரத்துல வர்றப்பவே பருப்புக் கருகுற வாடை. குக்கருக்குத் தண்ணி பத்தல, விசில் கணக்கு தப்பிப்போச்சு, அது என் மூக்குக்குத் தெரியாதா. உள்ள ரெண்டு பொண்ணுக விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். எங்க இல்லத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்ல. எனக்குக் கை பரபரத்துச்சு, அடுப்பை அணைங்கடின்னு சொல்லிக்கிட்டே பழக்கத்துல கதவைத் தள்ளிட்டேன். அது அசையல.

தூக்குவாளியக் கீழ வச்சிட்டு, முந்தானைல கையத் தொடைச்சுக்கிட்டு, தட்டுனேன்.

சிரிப்பு நின்னுச்சு. "யாரு?"

"நான்தாம்மா, பஞ்சவர்ணம்."

கேள்வி கேப்பான்னு நின்னேன். என்ன கேட்டாலும் பதில் வச்சிருந்தேன், ஏழு வருசத்துக்கும் சேத்து. ஆனா சுடரு ஒண்ணும் கேக்கல. அவ கொரல்ல கோவமும் இல்ல.

"இப்ப வேலையா இருக்கோம்க்கா. அப்புறம் வாங்க."

ஏழு வருசம், நாலு ரூமு, அம்புட்டுப் பொண்ணுக. எங்க மூஞ்சியப் பாத்து இந்த வார்த்தையச் சொல்ல ஒருத்திக்கும் ஒரு கதவு இருந்ததில்ல. தூக்குவாளிய எடுத்துக்கிட்டு, "சரிம்மா, அப்புறம் வர்றேன்"னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தேன்.